செல்ஃப் போட்ட வண்டி

எழுபதுகளில் நான் வடக்குப்பட்டில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸைத் தவறவிட்டால் ஒரு டிரைவரின் பிக்கப் வண்டிதான் எனக்குக் கதி. ராணுவம் கழித்துவிட்ட பழைய வண்டி அது. அதைப் பிரித்து, டீசல் இன்ஜின் ஏற்றி, செல்ஃப் ஸ்டார்ட்டர் பொருத்தி, கிளிப்பச்சை பெயின்ட் அடித்திருந்தார். ஒல்லியான மனிதர், தோளில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. கதவில் யார் கை பட்டாலும் உடனே அந்த இடத்தைத் துடைத்துவிடுவார். நான் தொட்டதையும் என் கண்ணெதிரேயே துடைப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் காலை, வழியில் கேழ்வரகுக் கதிரை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போனால் மணி உதிரும். கதிரின் தாள் சக்கரத்தில் சுற்றிக்கொண்டதால் டிரைவர் இன்ஜினை அணைத்து, இறங்கிப் பிடுங்கிப் போட்டார். திரும்ப வந்து உட்கார்ந்தபோது, கதிர் பரப்பியவர்கள் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். தள்ளினால்தான் கிளம்பும் என்றிருந்த பழைய இன்ஜின் காலத்துப் பழக்கம்.

"தள்ளலாமாண்ணே?" என்றாள் ஒரு பெண்.

"தள்ளுமா" என்றார்.

"செல்ஃப் இருக்கே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கீது சார். இத்தினி வருசமா தள்ளிகினு வந்தவங்க. இனிமே நீங்க வேணாம்னு எப்டி சொல்றது?"

வண்டி நாலடி உருண்ட பிறகு, ஒன்றும் தெரியாதவர்போல் செல்ஃப் பொத்தானை அழுத்தினார்.

பள்ளி வாசலில் இறங்கினேன். கதவில் நான் பிடித்த இடத்தை வழக்கம்போலத் துடைத்தார். பிறகு பின்பக்கம் போய், புழுதியோடு பதிந்திருந்த கைத்தடங்களைப் பார்த்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.