ரப்பர் தேன்

காலேஜ் விட்டு வரும் வழியில், திற்பரப்பில் பஸ்ஸுக்காக ஒரு தேன் கடை நிழலில் ஒதுங்கினேன். கடைக்காரர் ஒல்லியான மனிதர். கையில் எடுக்கும் பாட்டிலையெல்லாம் வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்.

அருவிக்கு வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று, "மலைத்தேனா?" என்று கேட்டது.

"ரப்பர் தோட்டத்துத் தேன் சார்."

ரப்பரா என்று முகம் சுளித்தவர்கள், 'மலைத்தேன்' என்று எழுதியிருந்த பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

"அவனும் எனக்க கையிலருந்துதான் வாங்குகான்" என்றார் என்னிடம்.

"அப்போ நீங்களும் மலைத்தேன்னு சொன்னா என்ன அண்ணாச்சி? காலையிலருந்து ஒண்ணும் விக்கலன்னியளே."

"காலேஜில இதத்தான் படிச்சியா மக்கா? தேனீக் கூட்ட ரப்பர் மரத்து மூட்டுல வச்சது நாந்தானே."

அந்தக் குடும்பம் பாட்டிலோடு எங்களைக் கடந்தது. அவர் எழுந்து நின்று கூப்பிட்டார். "சார், ஃபிரிட்ஜுல வைக்காதீங்க. கட்டி பிடிச்சிரும்."

அது தன் தேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.