பால் டம்ளரில் வெட்டிய பேர்

பாத்திரத்தில் பேர் வெட்டுகிற வேலையில், வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது. மேலே கோடு சேர்த்து வேறு எழுத்தாக்கத்தான் முடியும். என் பேர் யசோதா, படிப்பு அஞ்சாவதோடு சரி. கையெழுத்து உருண்டையாக இருக்கிறதென்று பாத்திரக்கடை முதலாளி உளியும் சுத்தியும் கொடுத்து உட்கார வைத்தார். சாமியே அம்மனோடு சண்டை போட்டு வருஷத்துக்கு ஒரு நாள் பிரிகிற திருவூடல் தெருவில்தான் கடை. நானும் அப்போது புருஷன் வீட்டை விட்டு மகள் செல்வியோடு வந்திருந்தேன். பிள்ளை யாரிடம் இருப்பதென்று கோர்ட்டில் கேஸ்.

நாலு பேர் எதிரில் பேச வாயே வராத என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும், குனிந்து செய்கிற வேலை எவ்வளவு நிம்மதி என்று. புது எவர்சில்வர் குடத்தில், தெருவுக்கு மேலே நிற்கிற அண்ணாமலை மலை வளைந்து மிதக்கும். அதைப் பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்தால் தெருச் சத்தம் எங்கோ போய்விடும்.

பெரிய அண்டா

பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டி ஒரு அண்டாவை ஆளுக்கொரு காது பிடித்துத் தூக்கி வந்தார்கள். அதில் ‘கோவிந்தன் – சரோஜா’ என்று வெட்டியிருந்தது. அடுத்தவர் பேரை எடுத்துவிடச் சொல்லி இரண்டு பேரும் கேட்டார்கள். எடுக்க வராதென்று முதலாளி சொன்னார். அண்டா வயிற்றில் இரண்டு முகமும் ஒட்டி ஒரே முகமாகத் தெரிந்தது. கடைசியில் அந்த ஆள் சொன்னார்: “தீபத்துக்கு நான் வெச்சிக்கிறேன், பொங்கலுக்கு அவ வெச்சிக்கட்டும். நடுவுல ஒரு கோடு மட்டும் போட்டுடும்மா.”

இரண்டு குவியல்

என் சீர் சாமான்களை அடி அண்ணாமலையில், மாமியார் வீட்டு வாசலில் பரப்பிப் பிரித்தோம். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவார், நான் பேரைப் படிப்பேன். எங்கப்பா பேர் இருந்தால் என் பக்கம், அவர்கள் பேர் இருந்தால் அந்தப் பக்கம்.

செல்வியின் பால் டம்ளரில் ‘ப. செல்வி’ என்று இருந்தது. அவள் அப்பா பச்சையப்பன் என்பதால் ப. அது அந்தக் குவியலுக்குப் போனது. செல்வியும் பின்னாலேயே ஓடி, டம்ளரைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாமியார் சொன்னார்: “பாத்தியா, இனிஷியல் இருக்கிற பக்கம்தான் புள்ளையும் வரும்.”

தேய்ந்த எழுத்து

கேஸ் முடிந்தது. பிள்ளை என்னிடம் இருக்கட்டும், மாதம் ஒரு நாள் அப்பா வீட்டுக்குப் போய் வரட்டும் என்று தீர்ப்பு. அடுத்த வாரம் மாமியாரே கடைக்கு வந்தார். முந்தானையில் அந்த டம்ளர். அங்கே வருகிற நாளில் இது இல்லாமல் செல்வி பால் குடிக்க மாட்டாளாம். எழுத்து தேய்ந்துவிட்டதாம், ஆழமாக வெட்டித் தரணுமாம்.

வாங்கி மடியில் வைத்தேன். டம்ளருக்குள் மலை விரல் அளவுக்கு நின்றது. ப-வின் நடுவில் ஒரு கோடு இழுத்தால் ய. ய என்றால் யசோதா. கனவில் யாரோ தட்டுகிற மாதிரி சுத்திச் சத்தம் கேட்டது. கோடு விழுந்திருந்தது.

மாமியார் வாங்கி எழுத்தின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினார். என் முகத்தைப் பார்த்தார். “முன்ன ரெண்டு காலுதான இருந்துச்சி, இப்ப மூணா இருக்கே. இருக்கட்டும்மா, மூணு காலு இருந்தா கவுறாது.”

கேஸ் நடந்த காலம் பூராவும் வாய் திறக்காத நான் மொத்தமாகப் பேசியது அந்த ஒரு கோடுதான்.