உளுத்த விறகு

மல்கிரேவ் புறநகரில் நான் வேலை பார்த்த அலுவலகம் ஆட்களைக் குறைத்தபோது, ஐம்பத்தாறு வயதில் என் நாட்கள் சட்டென்று காலியாயின. புதன்கிழமைகளில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குச் சம்பளமில்லாமல் உதவப் போனேன். கரி பார்க்கும் வேலை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குகை வாசலில் மூட்டிய நெருப்புகளின் கரி. அந்த நிலத்துப் பழங்குடியினரின் அனுமதியோடு தோண்டி எடுத்தது. துண்டை உடைத்து நுண்ணோக்கியில் வைத்தால் எந்த மரமென்று தெரியும் என்றார்கள். எனக்கு மூன்று வாரமாக எல்லாம் கறுப்பாகத்தான் தெரிந்தது.

"என்ன, இண்டைக்கும் கரியோ?" என்பார் கணவர், என் நகங்களைப் பார்த்து.

நாலாவது வாரம் யூகலிப்டஸும், வேல மர இனமான வாட்டிலும் பிரிந்து தெரிந்தன. பிறகு ஒருநாள், துண்டுக்குத் துண்டு சின்னச் சின்னத் துளைகள். பூச்சி அரித்த வழிகள். பொறுப்பாயிருந்த ஆய்வாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் வயதுப் பெண்தான்.

"சுற்றிலும் அவ்வளவு மரம் இருக்க, ஏன் உளுத்ததை எரித்தார்கள்?" என்று தனக்குத்தானே போலக் கேட்டார்.

"பச்சை மரத்தை யார் வெட்டுவார்கள்?" என்றேன்.

போரில் இடம்பெயர்ந்து வன்னியில் மூன்று கல் வைத்துச் சமைத்தவள் நான். பச்சை விறகு புகையும், சோறு வேகாது. விழுந்து காய்ந்து பூச்சி தின்ற கொப்பென்றால் மிதித்தாலே முறியும், கெதியாகப் பற்றும். கத்தியும் வேண்டாம்.

ஆய்வாளர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து குறிக்கத் தொடங்கினார். யார் விறகு பொறுக்கினார்கள்? கிட்ட இருந்தது முடிய எங்கே போனீர்கள்?

ஒவ்வொரு மாதமும் இன்னும் கொஞ்சம் தூரம் போனோம் என்றேன். எங்களைச் சுற்றி நிலம் கூட்டிவிட்டது போலாகி, அங்கே புல் முளைத்தது.

"குகையைச் சுற்றியும் காடு அப்படி மாறியிருக்கலாம்" என்று, தோண்டிய மண்ணில் பிந்திய காலத்து மேலடுக்குகளில் வாட்டில் கரி கூடிக்கொண்டே போவதைக் காட்டினார். நெருப்புப் பட்ட நிலத்தில் முந்தி முளைப்பது வாட்டிலாம். அந்தக் காலத்து மனிதர்களே புதரை எரித்து இடத்தைத் திறந்திருக்கலாம். "இருக்கலாம்" என்பதை அழுத்திச் சொன்னார்.

வன்னியில் கழிந்த அந்த மாதங்களைப் பற்றிச் சொன்னால், கேட்பவர்கள் "பாவம்" என்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். அன்றுதான் முதல்முறையாக, அது நான் பட்ட துன்பமாக இல்லாமல், எனக்குத் தெரிந்த ஒரு விஷயமாக இருந்தது. ரோவிலில் எங்கள் வீடு வந்து சேரும்வரை மனம் லேசாயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையில் நடந்தபோது கணவர் ஒரு மரத்தைக் காட்டினார். "இதென்ன மரம்? இப்ப நீர்தானே பண்டிதர்."

"தெரியாது. எரிச்சுத் தாங்கோ, சொல்லுறன்."

அவர் சிரித்த சிரிப்பில், எதிரே வந்த நாயொன்று நின்று பார்த்தது.