மாஸ்டரின் இரண்டாவது பிரேக்

டிவியில் ஒரு கார் சற்று வேகமாகத் திரும்பினால் போதும், சோபாவில் இருக்கும் மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்துவிடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பழகுகிறவருக்கு ஒரு பிரேக் என்றால், பக்கத்தில் உட்காரும் இவருக்கும் தனியாக ஒன்று. இருபத்திரண்டு வருஷம் அதன் மேலேயே காலை வைத்திருந்த பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று மனைவி ஆரம்பித்தாலும் கால் மிதிக்கும்.

மற்றபடி தங்கமான மனிதர். கியர் நறநறவென்று அலறினால், "பாவம், அதுக்குப் பல்லு கூசுதாம்" என்பார். அதோடு சரி. இந்த வருஷம்தான் எரிந்து விழுகிறார். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே சீட்டைச் சாய்த்துத் தூங்கிப்போகிறார்.

சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். அதைப் பற்றிக் கேட்காதவர்களிடமும் சொல்வார். சொல்லாதது வேறு. எட்டு மாதமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். மனைவிக்குக் கிடைத்த விளக்கம் "அசதி" என்ற ஒரே சொல்.

டாக்டரிடம் மட்டும் மென்று விழுங்கிச் சொன்னார். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "சுகர் இருக்கற ஆம்பளைங்க நிறைய பேருக்கு டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் குறையுதுங்க. தொப்பை போட்டு, உடம்பு இன்சுலின் பேச்சைக் கேக்காமப் போனா அது குறையும். அது குறைஞ்சா இன்சுலின் பேச்சு இன்னும் எடுபடாது. ஒண்ணை ஒண்ணு இழுத்துட்டுப் போகும். காலைல பத்து மணிக்குள்ள ரத்தம் குடுங்க, அப்பதான் அளவு சரியாத் தெரியும்."

அந்தப் பரிசோதனைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு காரின் வெயில் மறைப்பில் செருகப்பட்டது. மறுநாளே மாஸ்டர் பத்து மணிக்கு முந்திய நேரம் முழுவதையும் புது ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். வகுப்பு இருக்கும்போது ரத்தம் கொடுக்க முடியுமா? இப்படியே ஐந்து வாரம். தான் எவ்வளவு ஆம்பளை என்று ஒரு காகிதத்தில் அச்சாகி வந்துவிடும், அதை அவள் படித்துவிடுவாள். இதுதான் அவர் பயம்.

நேற்றுக் கடைக்குப் போகும்போது மனைவிதான் ஓட்டினாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் இவரே. முகத்தில் வெயில் அடிக்கிறதென்று மறைப்பை இறக்கினாள். சீட்டு மடியில் விழுந்தது. ஓரமாக நிறுத்திப் படித்தாள். தேதியையும் பார்த்தாள்.

"இதுக்கா இப்படிப் பண்ணீங்க? நான் வேற மாதிரி நெனச்சு அழுதுட்டு இருந்தேன்."

"என்னன்னு?"

"என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு."

"காலைல கிளாஸ் இருக்கு..." என்று மாஸ்டர் இழுத்தார்.

"நாளைக்கு முதல் கிளாஸ் எனக்கு" என்றாள் அவள்.

இன்று காலை வண்டி கிளம்பியதிலிருந்து மூன்று முறை நடுரோட்டில் நின்றது. பின்னால் ஹார்ன் காதைப் பிளந்தது.

"யாரு பிரேக் அடிக்கறது?"

"நான் இல்லப்பா."

"அப்ப காரே பயப்படுதா?"

ரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கும் தெருமுனை வந்தது. மணி ஒன்பதே கால். அவள் இண்டிகேட்டரைப் போட்டாள். மாஸ்டரின் கால் மறுபடி பிரேக்கைத் தேடிப் போயிற்று. அவள் அவர் பக்கம் திரும்பவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் தூக்கி, தொப்பை இடிக்க இடிக்க, சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார்.