மூன்று கட்டில் அறைக்கு நான் போட்ட சட்டம்

உப்புத் தண்ணீர்தான் வரும் என்று எங்கள் ஊர் மூதூரே கையை விரித்த காணியில் கிணறு வெட்டி நல்ல தண்ணீர் எடுத்தவன் நான். புயல் கூரையைக் கொண்டுபோன வீட்டுக்கு அடுத்த மாரிக்கு முன்னம் ஓடு போட்டவன் நான். கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த வத்தைப் படகு ஒன்றை, "இது இனி அடுப்புக்குத்தான்" என்று சிரித்தவர்களின் கண் முன்னாலேயே திருத்தி, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றி இறக்கினவன் நான். படிப்பு என்று பார்த்தால், மூன்றாம் வகுப்போடு வாத்தியாரும் நானும் பிரிந்துவிட்டோம். இரண்டு பேருக்கும் அதில் கவலை இருக்கவில்லை.

இதெல்லாம் ஊர் அறிந்தது. ஊர் அறியாத வேலை ஒன்றும் உண்டு. திருகோணமலைப் பட்டினத்தில், ஒரு பெண்கள் கல்லூரி விடுதியின் வராந்தாக் கடைசியில் இருந்த சின்ன அறை அது. சுவரை வெள்ளைக்காரன் காலத்திலேயே கட்டிவிட்டார்கள். அதற்குள் மனுசர் இருக்கலாம் என்று ஆக்கினது நான்.

என் மகள் உயர்தர வகுப்புக்கு அங்கே போனாள். மற்றப் பிள்ளைகள் நீளமான மண்டபத்தில் வரிசையாகக் கட்டில் போட்டுப் படுத்தார்கள். சோதனை எடுக்கிற மூன்று பேருக்கு மட்டும் இந்த அறை: என் மகள், தோப்பூரில் இருந்து ஒரு பிள்ளை, கிளிவெட்டியில் இருந்து ஒரு பிள்ளை. மூன்று கட்டில், மூன்று றங்குப் பெட்டி, ஒரு ஜன்னல். நடக்க மிஞ்சின இடத்தில் ஒரு கோழி திரும்புவதென்றாலும் யோசித்துத்தான் திரும்ப வேண்டும்.

முதல் தவணை முடிவதற்குள் விடுதியைப் பார்க்கிற மேற்றன் அம்மா என்னைக் கூப்பிட்டு அறையைக் காட்டினார். கட்டிலின் கீழே வெறும் தயிர் முட்டிகள். ஜன்னலில் ஊறுகாய்ப் போத்தல்கள். புத்தகம் எல்லாம் தலையணைக்குப் பக்கத்தில். சுவரில் எறும்பு ஊர்வலம்.

"இஞ்ச பாருங்கோ ஐயா," என்றார். "தவணை முடியக் கல்லூரி அதிபர் அம்மா வந்து பாப்பா. இப்பிடியே கிடந்தா மூண்டு பேரும் மண்டபத்துக்குத்தான். இந்த அறையைச் சாமான் அறை ஆக்கிப் போடுவம். இப்பவே அது அப்பிடித்தானே கிடக்கு."

மகள் வாசல் வரைக்கும் என்னோடு வந்தாள். "அப்பா, மண்டபத்தில என்னால படிக்க ஏலாது. ஒருத்தி பாடமாக்குவாள், ஒருத்தி அழுவாள், ஒருத்தி சிரிப்பாள். இந்த அறை போனா என்ர சோதனையும் போச்சு."

அவள் சும்மா சொல்கிற பிள்ளை அல்ல. எங்கள் வீட்டில் முதலாவதாகச் சர்வகலாசாலைக்குப் போகக்கூடிய ஆள் அவள்தான். நான் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த கிழமையே பலகை, வாள், சுத்தியலோடு போய் இறங்கினேன்.

இளந்தாரி வயதில் நான் கப்பல்களுக்குள் ஏறி இறங்கினவன். மாலுமியின் அறையைப் பார்த்தவனுக்குத் தெரியும், ஒரு மனுசன் எவ்வளவு சின்ன இடத்தில் துரை மாதிரி இருக்கலாம் என்று. கட்டில் கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்தினேன், றங்குப் பெட்டிகள் கீழே போயின. கதவுக்கு மேலே ஒரு தட்டு, தலைமாட்டில் ஆளுக்கொரு தட்டு. ஜன்னலடியில் பிணைச்சல் போட்ட பலகை: எழுதும்போது தூக்கினால் மேசை, விட்டால் சுவர். கப்பலில் இருப்பதுபோலத் தட்டுகளின் விளிம்பில் மெல்லிய சட்டமும் அடித்தேன், ஆட்டத்தில் சாமான் விழாமல் இருக்க.

மேற்றன் அம்மா அந்தச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். "ஐயா, இந்தக் கட்டடம் ஆடாது."

"ஆடினாலும் பயமில்லை அம்மா," என்றேன்.

அன்றைக்கு அறை கண்ணாடி மாதிரி இருந்தது. நான் வீட்டுக்குப் போய் இதைத் திரும்பத் திரும்பப் பெருமையடித்ததில், என் மனுசி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஞாயிற்றுக்கிழமை போனால், அறைக்குள் நுழைய ஏலாது. நான் அடித்த தட்டு ஒவ்வொன்றும் நிறைந்து வழிகிறது. கதவுக்கு மேலே பூசணிக்காய் ஒன்று, கீழே வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது.

தோப்பூர்ப் பிள்ளையின் உம்மா அங்கே நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அண்ணன் தட்டு அடிச்சிக் குடுத்த எண்டு மகள் சொன்னா. இடம் இருக்குத்தானே எண்டு தொதல் கொஞ்சம் கூடக் கிண்டிக் கொண்டு வந்த."

கொஞ்சம் என்றது ஒரு பிஸ்கட் தகரம் நிறையத் தேங்காய்ப்பால் இனிப்பு. கிளிவெட்டிப் பிள்ளையின் தகப்பன் வயல்காரர், கதை குறைவு. அவர் அவல் மூட்டையைத் தலைமாட்டுத் தட்டில் ஏற்றிவிட்டு, தயிர் முட்டிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். பழைய முட்டிகளையும் பிள்ளைகள் எறியவில்லை. எறிந்தால் வீட்டில் ஏச்சு விழும்.

எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லை. அதுவும் கூப்பனுக்குச் சீனி, வரிசையில் நின்றால் பாண் என்று இருந்த காலம். பிள்ளை பட்டினி கிடக்கும் என்ற பயம் எல்லோருக்கும். நானும் கருவாட்டுப் பொட்டலத்தோடுதான் நின்றேன்.

மகள் என் பொட்டலத்தைப் பார்த்தாள். "அப்பா, நீங்கள் தட்டு அடிக்க அடிக்கச் சாமான் வருது. இன்னும் ஒரு தட்டு அடிச்சா நாங்கள் வெளியில படுக்கோணும்."

குடாவைக் கடந்து மூதூருக்கு லோஞ்சில் திரும்பும்போது யோசித்தேன். வத்தையில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பழைய சரக்கு இறங்காமல் புதுச் சரக்கு ஏறாது. யார் கெஞ்சினாலும் ஏறாது. அறையைப் பலகையால் அடக்க ஏலாது, துறையில் வைத்துத்தான் அடக்க வேண்டும். தோப்பூராரும் கிளிவெட்டியாரும் பட்டினத்துக்குப் போக மூதூர்த் துறைக்குத்தானே வர வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை, லோஞ்சுக்கு ஏறும் பலகையில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். "போன முறை கொண்டு போனது முடிஞ்சு, வெறும் போத்தலும் முட்டியும் வீடு திரும்பாமல் புதுசு ஒண்டும் ஏறாது."

"நான் பெத்த புள்ளைக்குக் கொண்டு போறதுக்கு ஒங்கக்கிட்டக் கேக்கணுமா?" என்றார் தோப்பூர் உம்மா. "லோஞ்சு ஒங்கடயா அண்ணன்?"

"லோஞ்சு என்ர இல்லை தங்கச்சி, தட்டு என்ர."

கிளிவெட்டியாரிடம் திரும்பினேன். அவர் தோளில் இன்னொரு பூசணிக்காய். "அண்ணை, இது எங்க படுக்கும்? கட்டில்லயோ? அப்ப பிள்ளை எங்க படுக்கிறது?"

அவர் நிதானமாக யோசித்தார். "பிள்ளை ஒதுங்கிப் படுப்பா. நல்ல பிள்ளை."

லோஞ்சுக்காரன் மணியை அடித்தான். பின்னால் நின்ற சனம் முறுமுறுத்தது. தோப்பூர் உம்மா என் கைப்பையைக் காட்டி, "அதுக்குள்ள என்ன, காத்தா? முதல்ல ஒங்கட கருவாட்ட இறக்குங்க, பிறகு எங்களுக்குச் சட்டம் சொல்லுங்க," என்றார்.

இறக்கினேன். சட்டம் போட்டவன் முதலில் நடக்க வேண்டும். அந்தக் கருவாட்டைத் துறையிலேயே பலகையில் வைத்தேன். அதைப் பார்த்து அவர் கொஞ்சம் இளகினார். ஆனாலும் தொதல் தகரத்தை விடவில்லை. "வெறுங்கையோட போய் அந்தப் புள்ளையள்ற முகத்த எப்பிடிப் பாக்கிற?" என்றார். பிறகு அவரே, "குசினிக்குக் குடுத்தா என்ன? நூறு புள்ளையள் தின்னும். நம்மட புள்ளையும் தின்னும்தானே," என்றார்.

கிளிவெட்டியார் உடனே பூசணிக்காயோடு ஏறிவிட்டார். நானும் கருவாட்டை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

அன்றைக்கு எல்லாம் விடுதிக் குசினிக்குப் போயிற்று. சமையல் அம்மா பூசணிக்காயைக் கண்டு கும்பிட்டாள். திரும்பி வரும்போது முட்டி, போத்தல், தகரம் அத்தனையும் எங்களோடு வந்தன. லோஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் இருக்க ஒருவருக்கும் இடம் இல்லை.

தவணை முடிவில் அதிபர் வந்து பார்த்தா. தட்டில் புத்தகம், கொக்கியில் சீருடை, கட்டிலின் கீழே பெட்டி. தரையில் நடக்க இடம். ஜன்னல் பலகையைத் தானே தூக்கி விட்டு, தூக்கி விட்டுப் பார்த்தாவாம். அறை பிள்ளைகளிடமே இருந்தது. மகள் சோதனையும் பாஸ் பண்ணி, பேராதனைச் சர்வகலாசாலைக்குப் போனாள்.

பின்னொரு நாள் பரிசளிப்பு விழாவுக்குப் போனேன். விடுதி வாசலில் புதுப் பலகை ஒன்று தொங்கியது. மகள் வாசித்துக் காட்டினாள்: பெற்றோர் கொண்டுவரும் உணவுப் பொருட்களைக் குசினியில் ஒப்படைக்க வேண்டும், வெறும் பாத்திரங்களை அன்றே எடுத்துச் செல்ல வேண்டும், இப்படிக்கு நிருவாகம். மேடையில் மேற்றன் அம்மாவுக்குக் கைதட்டல், விடுதி ஒழுங்குக்காக. நானும் தட்டினேன். நல்ல மனுசி, அதில் மாற்றுக் கதை இல்லை.

ஆனால் நிருவாகம் எந்தத் துறையில் கையை விரித்துக்கொண்டு நின்றது? குசினி என்ற சொல் தோப்பூர்த் தங்கச்சியின் வாயில் இருந்து வந்தது, அதை நான் மறைக்கவில்லை. அவவின் பேரையும் போடட்டும். லோஞ்சை மறித்திராவிட்டால் அந்தச் சொல் அவவின் வாய்க்கு வந்திருக்குமா என்பதையும் சேர்த்து யோசிக்கட்டும். அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது என்று கேள்வி. "நிருவாகம்" என்பதற்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் உண்டு, நான் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். தட்டு அடித்ததும் சட்டம் போட்டதும் மூதூர் வத்தைக்காரன் என்று அதில் எழுத வேண்டும். பெயின்ற் இல்லை என்றால் சொல்லி அனுப்பட்டும், நானே கொண்டுவருகிறேன். வெறுங்கையோடு வரமாட்டேன்.