கிரீடத்தில் காணாத கதிர்

அவரை எனக்குப் பிடிக்காது. காரைக்காலில் பிறந்து சைகோன் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். 1975இல் ஆட்சி மாறி வேலை போனதும், பியாஸ்தர் என்ற பழைய பிரெஞ்சு வெள்ளிக் காசுகளை வாங்கி விற்றுப் பிழைத்தார். ரகசிய வியாபாரம், நல்ல பெயர்தான் அதற்கு மூலதனம். நானும் அதே காசுகளைச் சேர்த்தேன், விற்பதற்கல்ல. காசு அச்சான ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பக்கமாக நோட்டில் படம் வரைந்து வைத்திருந்தேன். அதை மளிகைச் சிட்டை என்று அவர் மாரியம்மன் கோயில் வாசலில் சொல்லிச் சிரிப்பார்.

சைகோனின் பென்தான் சந்தைக்குப் பின்னால் துணி விற்ற வியட்நாமிய அம்மாள் மறைவாக வெள்ளி வாங்குவாள். ஒரு வெள்ளிக்கிழமை அவர் கொடுத்த காசை என்னிடம் காட்டிக் கேட்டாள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். காசில் அமர்ந்திருக்கும் பெண்ணின் கிரீடத்தில் ஒரு கதிர் இல்லை. அதே ஆண்டுக்கு நான் வரைந்த படத்தில் இருந்தது. கள்ளக்காசு என்றேன். சொல்லும்போது இனித்தது, அதை மறைக்கமாட்டேன். இரண்டே வாரத்தில் சந்தையில் எவரும் அவரிடம் காசு வாங்கவில்லை.

நான் அதோடு விடவில்லை. எழுத்திலும் நிரூபிக்க நினைத்து, அதே ஆண்டுக் காசுகளை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தேன். படம் வரைந்தபோது ஒன்றை மட்டுமே பார்த்திருந்தேன். இன்னொன்றில் அந்தக் கதிர் பாதி மங்கியிருந்தது. மூன்றாவதில் அறவே இல்லை. ஆனால் கைபட்டால் முதலில் தேயும் முழங்கால் மடிப்பு கூர்மையாக இருந்தது. கதிரின் இடத்தில் மயிரிழைக் கோடுகள் மேடாக நின்றன. காசைத் தேய்த்தால் கீறல் பள்ளமாக விழும். மேடாக நின்றால் அது காசடிக்கும் அச்சில் விழுந்த கீறல். பழுதான அச்சை நாணயச்சாலையில் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள்; ஆழமில்லாத கதிர் அதில் அழிந்துவிட்டது. அவர் காசிலும் அந்தக் கோடுகளைப் பார்த்து, அழுக்கென்று ஒதுக்கியிருந்தேன். அது நல்ல காசுதான்.

திங்கட்கிழமை அவரையும் வரச்சொல்லி அந்த அம்மாளின் துணிக்கடைக்குப் போனேன். வந்தவர் உட்காரவில்லை. காசுகளை வரிசையாக வைத்து அந்த அம்மாளுக்கு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, இதைச் சொல்ல அவர் எனக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டாள். பிறகு காசை அவர் பக்கம் தள்ளி, இனி இருவரும் வரவேண்டாம் என்றாள்.

தெருவில்தான் அவர் வாயைத் திறந்தார்.

"கூட்டுக் களவாணின்னுட்டா. ஒம்மோட ஜோடி சேர்றதைவிட நான் தனியா கள்ளக்காசுக்காரனாவே இருந்திருப்பேன், முசியே."