அருவிக்கு முதுகு காட்டியவர்

ஹனோவரிலிருந்து நோர்வேக்கு எங்களை ஏற்றிச்சென்ற பேருந்தின் சாரதி யாழ்ப்பாணத்தவர். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. ஃபியோர்ட் எனும் மலையிடைக் கடற்கழியின் ஓரத்து அருவியைக் கண்டதும் எல்லோரும் இறங்கி ஓடினோம். அவர் மட்டும் அதற்கு முதுகைக் காட்டியபடி பேருந்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாவம், வேலையில் பார்க்கவில்லையே என்று, நான் கைபேசியில் எடுத்த படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இவ்வளவு பெரிசோ?” என்றார், மெதுவாக.

“முந்திப் பார்க்கேல்லையே, அண்ணை?”

“எத்தனையோ தரம் வந்திட்டன். பார்க்கேல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்து பார்க்கிறன் எண்டு அவளுக்குச் சொன்னனான். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரேல்லை. அவள் இல்லாமல் பார்க்க ஏலாது.”

இத்தனை நாள் அவர் பார்க்காமல் வைத்திருந்ததை நானே காட்டிவிட்டேனே என்று, கைபேசியை அவசரமாகப் பைக்குள் வைத்தேன்.

ஹனோவரில் இறங்கியபோது, “அந்தப் படத்தை எனக்கு அனுப்பி விடுங்கோ” என்றார். என்னை மன்னித்துத்தான் கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை.